பங்கு இல்லத்துக் கீழாநெல்லி



சென்ற திங்கள் எனக்கு வந்த கடிதங்களுள் ஒன்று மூன்று பக்கங்களுக்கு நெருக்கி எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவி. பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகனுக்கு மஞ்சள் காமாலை கண்டிருக்கிறது. மாமியார் கொல்லையிலிருந்து கீழாநெல்லியைப் பிடுங்கி, வேரோடு அரைத்து, மோரில் கலக்கி, மூன்று நாளாக வெறும் வயிற்றில் கொடுத்து வருகிறார். "காமாலைக்கு இங்கிலீஷ் வைத்தியத்தில் மருந்தே கிடையாது, டாக்டரிடம் போனால் ஊசியைப் போட்டு ஈரலைக் கெடுத்துவிடுவார்கள்" என்பது அவர் வாதம். பச்சிலையை நம்பிப் பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிறீர்களா என்று கணவர் சீறுகிறார். "இருவருக்கும் நடுவில் நான் நிற்கிறேன், சாமி. தாங்கள் தோட்டத்தில் மூலிகை வளர்ப்பவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மூலிகை மருந்து நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விடை இதற்கு இல்லை. இதழ் அச்சேறும் வரை காத்திருக்கக்கூடிய வினாவும் இது அன்று. ஆதலால் கடிதத்தின் அடியில் கண்டிருந்த எண்ணுக்கு அன்று மாலையே பேசினேன். "அம்மா, பையனை நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தத்தைப் பரிசோதியுங்கள். பாட்டி கொடுத்துவந்த பச்சிலையைப் பற்றி ஒன்றையும் மறைக்காமல் அவரிடம் கூறுங்கள்" என்றேன். எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை. மூலிகைத் தோட்டம் வைத்திருக்கும் சாமியாரிடமிருந்து அவர் எதிர்பார்த்த பதில் வேறு போலும். நான் அவ்வாறு கூறியதற்குக் காரணமான நிகழ்ச்சியை இதுவரை இப்பகுதியில் எழுதியதில்லை. எழுத மனம் துணியவில்லை என்பதே உண்மை.

குருமடத்தில் நாங்கள் பயின்ற காலத்தில், தோட்டத்தைப் பராமரித்த வயது முதிர்ந்த சகோதரர் ஒருவர் இருந்தார். இறையியல் நூல்களில் தலை கனத்துப்போகும் மாலை வேளைகளில் அவரோடு பாத்தி கட்டச் செல்வது எனக்கு ஓய்வாக இருந்தது. தூதுவளை, ஆடாதோடை, துளசி, கற்பூரவல்லி, கீழாநெல்லி என்று இலையைக் கசக்கி முகர்ந்தே அடையாளம் காண அவர் எனக்குக் கற்பித்தார். அன்று தொற்றிய ஆசை இன்றுவரை விடவில்லை. மாறிச் சென்ற பங்குகளிலெல்லாம் குடியேறிய முதல் மழையிலேயே ஒரு மூலிகைப் பாத்தி போட்டுவிடுவேன். சளிக்கும் இருமலுக்கும் மக்கள் வந்து பறித்துக்கொண்டு போவார்கள். காமாலை என்று வருவோர்க்கு மட்டும் நானே கீழாநெல்லியைச் சமூலமாகப் பிடுங்கி, கொட்டைப்பாக்களவு அரைத்துக் கொடுத்து, பத்தியமும் சொல்லி அனுப்புவேன். முப்பது நாற்பது பேருக்கேனும் கொடுத்திருப்பேன். "சாமி கைராசி" என்ற பெயரும் பரவிற்று. அப்பெயர் செவிக்கு இனிமையாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2017ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நடவு முடிந்து வயலெல்லாம் நீர் தேங்கியிருந்த நாட்கள். எங்கள் பங்கைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளி ஒருவரை அவருடைய மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். நான்கு நாட்களாகக் காய்ச்சல். கண்ணில் மஞ்சள். "சாமி, உங்க கைமருந்து கொடுத்தாப் போதும், எந்திரிச்சிடுவாரு" என்றார் அந்த அம்மாள். கெண்டைக்கால் கடுமையாக வலிக்கிறதென்று கணவர் முனகினார். சேற்றில் நாளெல்லாம் நின்றவருக்குக் கால் வலிப்பது இயல்புதானே என்று நான் எண்ணிக்கொண்டேன். கண்ணில் மஞ்சளோடு சிவப்பும் படர்ந்திருந்தது. காய்ச்சலின் வெப்பம் என்று அதையும் ஒதுக்கிவிட்டேன். வழக்கம்போல் மருந்தரைத்துக் கொடுத்து, செபித்து அனுப்பினேன். மூன்று நாள் அப்படியே கழிந்தது. நான்காம் நாள் அவருக்குச் சிறுநீர் ஏறக்குறைய நின்றே போய்விட்டது.

அரசு மருத்துவமனைக்கு வண்டி பிடித்து ஏற்றிச் சென்றபோது நானும் உடன் சென்றேன். அங்கே பணியிலிருந்த மருத்துவர், "வீட்டில் ஏதாவது நாட்டு மருந்து கொடுத்தீர்களா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றார் மனைவி. செவிலியர் வந்து கேட்டார். "இல்லைங்க." மேல்நிலை மருத்துவர் வந்து மூன்றாம் முறையாகக் கேட்டபோதும் அதே விடை. பொய்யே பேசியறியாத அந்த அம்மாள் அன்று மூன்று முறை மறுத்தது யாருக்காக என்பது எனக்குத் தெரிந்தது. பங்குச்சாமியாரின் பெயர் கெட்டுவிடலாகாது என்பதற்காக! நான் முன்சென்று, "கொடுத்தவன் நான்தான், டாக்டர்" என்று கூறி, என்ன கொடுத்தேன், எவ்வளவு கொடுத்தேன், எத்தனை நாள் கொடுத்தேன் என்பதையெல்லாம் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "கீழாநெல்லி இவரைக் கெடுக்கவில்லை, ஃபாதர். அதைக் குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருந்த நாட்கள்தாம் கெடுத்திருக்கின்றன" என்று மட்டும் கூறினார்.

நோய், எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரில் வாழும் கிருமி, கால் வெடிப்பின் வழியே உடலில் புகுந்துவிடுகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இவையெல்லாம் அதன் அடையாளங்கள். முற்றிய நிலையில் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் ஒருசேரத் தாக்குவதால் மஞ்சளும் தோன்றும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பென்சிலின், டாக்சிசைக்ளின் போன்ற எளிய, விலை மலிந்த மருந்துகளே போதும். நாங்கள் தாமதித்ததால் அவருக்கு நான்கு முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய நேர்ந்தது. இறைவன் அருளால் பிழைத்தார். சிறுநீரகமும் மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது. ஆனால் அந்தப் போகம் முழுவதும் அவர் வயலில் இறங்கவில்லை. வீட்டிலிருந்த இரண்டு ஆடுகளும் விலைபோயின.

அந்நாள்முதல் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அத்தனை பேரைக் குணமாக்கிய மூலிகை இவரை மட்டும் ஏன் கைவிட்டது? மருத்துவப் பணியாற்றும் அருட்சகோதரி ஒருவரிடமும், எங்கள் வட்டாரத்துச் சித்த மருத்துவர் ஒருவரிடமும் இதைக் கேட்டேன். வேறு வேறு பள்ளியில் பயின்ற அவ்விருவரும் ஒரே விடையைத்தான் சொன்னார்கள்: மஞ்சள் காமாலை என்பது நோயின் பெயரன்று, நோயின் அடையாளம்.

நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்ந்து சிதைகின்றன. அச்சிதைவில் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதனை வாங்கிப் பக்குவப்படுத்திப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடுகிறது. அணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தாலும் அந்த மஞ்சள் இரத்தத்தில் தேங்கும். கல்லீரல் நோயுற்றாலும் தேங்கும். பித்தநீர் செல்லும் குழாயில் கல்லோ கட்டியோ அடைத்துக்கொண்டாலும் தேங்கும். கண்ணிலே தெரியும் மஞ்சள் ஒன்றுதான். அதற்குப் பின்னால் நிற்கும் நோய்களோ பல. கொல்லையில் புகை தெரிகிறது என்றால், எரிவது சருகா கூரையா என்று போய்ப் பார்க்காமல் இருப்போமா?

இவற்றுள் நம் ஊர்களில் மிகுதியாகக் காணப்படுவது, அசுத்தமான குடிநீராலும் உணவாலும் பரவும் 'ஏ' வகைக் கல்லீரல் அழற்சி. 'இ' வகையும் அவ்வாறே பரவுகிறது. கடிதம் எழுதிய அம்மையாரின் மாமியார் கூறியதில் பாதி உண்மை இருப்பது இங்கேதான். 'ஏ' வகைக்கென்று தனி மருந்து எதுவும் ஆங்கில மருத்துவத்தில் இல்லை. ஓய்வும் உணவும் நீரும் கொடுத்தால், பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் உடல் தானே தேறிவிடுகிறது. கீழாநெல்லி கொடுத்தாலும் மஞ்சள் இறங்கும், கொடாவிட்டாலும் இறங்கும். கொடுத்த வீட்டில் அதன் புகழைக் கீழாநெல்லி பெற்றுக்கொள்கிறது. என் கைராசியின் இரகசியமும் இதுதான் என்று உணர்ந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நாணமும் வந்தது.

மற்றொன்றையும் அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். குணமடைந்தவர்கள் வாழைத்தாரோடு நன்றி சொல்ல வருவார்கள். குணமடையாதவர்கள் வருவதில்லை, வேறெங்கோ போய்விடுகிறார்கள். என்னிடம் மருந்து வாங்கிச் சென்று, பிறகு திரும்பி வாராதவர்களை மனத்திலே வரிசைப்படுத்தினேன். அவர்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வலி ஏதுமின்றி மஞ்சள் ஏறிக்கொண்டே வந்தது. மலம் வெளுத்திருந்தது. இரவெல்லாம் உடலைச் சொறிந்து சொறிந்து தூக்கமிழந்தார். இரண்டு மாதம் என் பச்சிலையையே குடித்தார். பின்னர் மகன் நகரத்துக்கு அழைத்துச் சென்று படமெடுத்துப் பார்த்ததில் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவருடைய அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். அன்று இதைப்பற்றி எனக்கு யாதொரு எண்ணமும் எழவில்லை. முன்னரே சென்றிருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த மருத்துவரும் உறுதி கூறமாட்டார்; அது அத்தகைய நோய். ஆனால் அடைபட்ட பித்தக்குழாயில் சிறியதொரு குழாயைச் செருகி, அந்த அரிப்பையேனும் தணித்திருக்கலாம் என்று அருட்சகோதரி கூறினார். அந்த ஆசிரியர் உறங்காமல் கழித்த இரவுகளை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்படியானால் கீழாநெல்லி வெறும் களையா? அதுவும் அவசர முடிவு. நம் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் எஸ்.பி. தியாகராஜன் அவர்களும் உடனிருந்தோரும், 'பி' வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க் அவர்களோடு சேர்ந்து, 1988இல் ஓர் ஆய்வை லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். அந்தக் கிருமியைத் தாங்கியிருந்தவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்ததில், 37 பேருள் 22 பேருடைய இரத்தத்திலிருந்து கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்துவிட்டது. வெற்று மருந்து பெற்ற 23 பேருள் ஒருவருக்குத்தான் அவ்வாறு ஆயிற்று. உலகமே நம் கொல்லைப்புறத்தைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன்பின் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த ஆய்வுகளில் அத்தகைய பயன் கிட்டவில்லை. செடியின் இனவேறுபாடா, மண்ணின் வேறுபாடா, மக்களின் வேறுபாடா என்று விவாதம் எழுந்ததேயன்றி, உறுதியான முடிவு இன்றளவும் ஏற்படவில்லை. முதல் ஆய்வின் செய்தி மட்டும் நம் ஊரில் பரவியது. பின்னர் வந்தவை ஒருவர் காதிலும் விழவில்லை. நற்செய்திக்கு நம் காதுகள் எப்போதும் சற்று அகலமாகத்தான் திறந்திருக்கின்றன.

பச்சிலையால் பயனே இல்லை என்று கூறுவோரை நான் மலேரியாவின் வரலாற்றுக்கு அழைத்துச் செல்வேன். 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவியர் தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசேர்த்த சின்கோனா மரப்பட்டையிலிருந்தே 1820இல் குயினைன் பிரித்தெடுக்கப்பட்டது. அம்மரத்தை 1860களில் நம் நீலகிரியிலும் பயிரிட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? மலச்சிக்கலுக்கு உலகெங்கும் மாத்திரையாக விற்கப்படும் சென்னா, நம் தென்மாவட்டத்து நிலாவாரையன்றி வேறில்லை. மருந்து வணிகத்தில் அதற்குத் திருநெல்வேலியின் பெயரே வழங்குகிறது. ஆனால் அந்த மாத்திரைக்கும் நாம் காய்ச்சும் கஷாயத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு பிடி இலையில் எவ்வளவு இருக்கிறதென்பது, அது விளைந்த மண்ணையும் பறித்த பருவத்தையும் காய்ச்சிய நேரத்தையும் பொறுத்தது. வயிறு இலேசாகிறது என்று அதையே ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடிப்போருக்கு உடலிலுள்ள பொட்டாசியம் குறைந்து, தசை தளர்ந்து, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். இருமலுக்கு நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரமும் அப்படித்தான். இரண்டொரு நாள் சுவைத்தால் தொண்டைக்கு இதம். மாதக்கணக்கில் மிகுதியாகத் தின்றால் இரத்த அழுத்தம் ஏறும். இயற்கையானது ஆகையால் கெடுதல் செய்யாது என்று கூறுவோர், அரளி விதையும் இயற்கையானதுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆங்கில மாத்திரை மட்டும் சாதுவா என்று கேட்டால், அதுவும் இல்லை. காய்ச்சலுக்கு நாம் அள்ளி விழுங்கும் பாராசிட்டமாலே அளவு மீறினால் கல்லீரலை அழித்துவிடும்.

காமாலையைப் போக்குவதற்கென்று அல்லாமல், காமாலையையே கொண்டுவந்த மூலிகையும் உண்டு. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது, நோய் எதிர்ப்பாற்றல் பெருகும் என்று நாடெங்கும் சீந்தில் கொடியின் கஷாயத்தைப் பலர் நாள்தோறும் குடித்தார்கள். அவ்வாறு குடித்து வந்தவர்களுள் ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு தங்களிடம் வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அது உண்மையான சீந்திலாக இராது, அதைப் போன்றே தோன்றும் வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. பின்னர் வேறு பல மருத்துவமனைகளிலிருந்தும் இத்தகைய நோயாளிகளைப் பற்றிய விவரம் வெளிவந்தது. யார் கூற்று சரி என்று தீர்ப்புக் கூற நான் மருத்துவன் அல்லன். ஆனால் அமைச்சகத்தின் மறுப்பே எனக்கு அச்சமூட்டியது. சீந்தில் எது, அதன் போலி எது என்று நாம் அறிவோமா?

கீழாநெல்லியிலும் இந்தச் சிக்கல் உண்டு. இலைக்காம்பின் கீழே வரிசையாகக் காய் தொங்குவதால் அதற்கு அப்பெயர். அதே குடும்பத்தில் செங்கீழாநெல்லி உண்டு, மேலாநெல்லி உண்டு. தென்னிந்தியச் சரக்குக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதைச் சோதித்த 2010ஆம் ஆண்டு ஆய்வொன்று, பெரும்பாலான கடைகளில் சரியான சரக்கே இருந்தது என்றும், எஞ்சியவற்றில் அதன் உறவுச் செடிகள் கலந்திருந்தன என்றும் கண்டது. குருமடத்துச் சகோதரர் எனக்கு இலையைக் கசக்கி முகரக் கற்பித்தார். உலர்த்திப் பொடித்துப் பொட்டலம் கட்டிய பிறகு எதை முகர்வது?

இனி, தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. கருவுற்ற பெண்ணுக்குக் காமாலை கண்டால், பச்சிலையைத் தேடி ஒரு மணி நேரத்தையும் வீணாக்கக் கூடாது. 'இ' வகை அழற்சி மற்றவர்க்குத் தானே தேறிவிடுவதாயினும், பேறுகாலத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர்வரை உயிரிழக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் தோன்றுவது பெரும்பாலும் இயல்பானதே. ஓரிரு வாரங்களில் மறைந்துவிடும். ஆனால் பிறந்த நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினாலும், குழந்தை பால் குடியாமல் சோர்ந்து கிடந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். அந்த மஞ்சள் மூளையைத் தாக்கினால் பிறகு மீட்க இயலாது. நீல ஒளியின் கீழ்ச் சில நாட்கள் கிடத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அப்பிஞ்சு வாயில் தாய்ப்பாலைத் தவிர வேறு சாறு எதையும் ஊற்றாதீர்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயரிட்டு நம் பாட்டிமார் போற்றினார்கள்; அதன் மணம் எனக்கும் பிடிக்கும். ஆயினும் வசம்பை உணவில் சேர்க்கக் கூடாதென்று அமெரிக்க அரசு 1968இலேயே தடை செய்திருக்கிறது. சுட்டுக் குழைத்து வயிற்றில் பூசுவதோடு நிறுத்திக்கொண்டால் நான் குறைகூற மாட்டேன்.

மஞ்சளுக்குக் காரணம் 'பி' அல்லது 'சி' வகைக் கிருமியா என்று அறிவதற்கு இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. 'சி' வகையை மாத்திரைகளாலேயே முற்றிலும் ஒழித்துவிட இப்போது முடிகிறது. 'பி' வகையை ஒழிக்க இயலாவிடினும் அடக்கி வைக்கலாம். இவற்றுக்கான பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாக வழங்கும் தேசியத் திட்டம் 2018இல் தொடங்கப்பட்டது. மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 'பி' வகைக்கான தடுப்பூசி 2011 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்கு அளிக்கப்படுகிறது. முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும்.

சித்த மருத்துவத்தை நான் குறைத்துப் பேசுவதாக எவரும் கருத வேண்டாம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. தாம்பரத்தில் தேசிய நிறுவனமே இருக்கிறது. முறையாகப் பயின்று பதிவு பெற்ற சித்த மருத்துவர், நாடி பார்ப்பதோடு இரத்தப் பரிசோதனைத் தாளையும் கேட்டு வாங்கிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். தம்மால் ஆகாதது என்று தெரிந்தால் அவரே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார். அரைகுறையாகக் கற்று, அன்போடு கொடுக்கும் என்னைப் போன்றோர்தாம் ஆபத்தானவர்கள். சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரத்தை மூலிகைக்குச் சான்றாக மேடைகளில் நானே பலமுறை எடுத்தாண்டிருக்கிறேன். மண்ணில் விளையும் மருந்தைப் போற்றும் அதே அதிகாரம், மருத்துவருக்கு இடமளிக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறது. அந்தப் பகுதியை நான் ஏனோ அழுத்திப் படிக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் கீழாநெல்லி இன்றும் இருக்கிறது. மழை பெய்தால் தானே முளைக்கிறது, அதை யார் தடுப்பது? காமாலை என்று வருகிறவர்களுக்கு நான் அரைத்துக் கொடுப்பதில்லை. காய்ச்சல் இருக்கிறதா, மலம் வெளுத்திருக்கிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா, வேறென்ன மருந்து உண்கிறார் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளோடு மருத்துவரிடம் அனுப்பிவைக்கிறேன். சிலருக்கு வருத்தம். "சாமி இப்ப மாறிட்டாரு" என்கிறார்கள்.

கடிதம் எழுதிய அம்மையார் மறுவாரமே என்னை அழைத்தார். பையனுக்கு 'ஏ' வகைதான், தேறி வருகிறான். பாட்டியும் மருத்துவமனைக்கு உடன் சென்றிருக்கிறார். தாம் கொடுத்த பச்சிலையைப் பற்றி அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது மருத்துவர் கோபிக்கவில்லையாம். அடுத்த பரிசோதனை வரை நிறுத்தி வையுங்கள் என்றாராம். அந்த ஆறுதலில் பாட்டி, மூட்டுவலிக்காகச் சந்தையில் வாங்கி ஓராண்டாகத் தாம் விழுங்கிவரும் மூலிகைப் பொடியைப் பற்றியும் வாய்திறந்துவிட்டார். ஒரே வேளையில் வலி பறந்துவிடும் பொடி! அவருக்குச் சர்க்கரை ஏன் அடங்கவில்லை, முகம் ஏன் உப்பிக்கொண்டே வருகிறது என்பது மருத்துவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்து விற்பது பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இணையத்தின் வழி விற்ற ஆயுர்வேத மருந்துகள் 193ஐ வாங்கிச் சோதித்த அமெரிக்க ஆய்வு, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்ததாக 2008இல் வெளியிட்டதும் என் நினைவுக்கு வந்தது.

ஸ்டீராய்டு என்றால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். ஆகவே அந்தப் பொடியின் எச்சத்தைக் கொண்டுவரும்படி மருத்துவர் கேட்டிருக்கிறார். மருமகள் வீட்டுக்கு வந்து அலமாரியைத் துழாவி அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாராம். அதில் மருந்தின் பெயரும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. பழைய செய்தித்தாளில் மடித்து, நூலால் கட்டியிருந்தது.